ஒரே லொறி, இரண்டு கூலி

எழுபதுகளில், மயிலிட்டிக் கரையில் என் படகுக்கு மண்ணெண்ணெய் மோட்டர் பூட்டிய நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணப் பட்டணத்தில், அதாவது ரவுணில், ஒரு விலைக்கு விற்ற எண்ணெய், எங்கள் கடற்கரைக் கடைக்கு வந்ததும் விலை ஏறிவிடும். ஏனென்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ரவுணிலையிருந்து லொறியிலை வருது தம்பி. கூலி சேர்க்க வேண்டாமோ?"

நியாயம்தான் என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கே என் மீனை ஏலம் கூறியபோது, வழக்கமாக எடுக்கிற வியாபாரி குருநகர்க் கரை விலையைவிடக் குறைத்துக் கேட்டார்.

"குருநகர் ரவுணுக்குப் பக்கத்திலை. உங்கடை மீனை லொறியிலையெல்லோ கொண்டு போகவேணும். கூலி கழிக்க வேண்டாமோ?"

அதற்குப் பிறகு வீட்டுக்கும் கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் லொறி வந்தது. எண்ணெய்ப் பீப்பாக்களை உருட்டி இறக்கினார்கள். அவை நின்ற அதே பலகையில் என் மீன் பெட்டிகளை ஏற்றினார்கள்.

"அண்ணை, எப்பிடியும் வெறுமனே திரும்பிப் போகவேண்டிய லொறிக்கு நான் ஏன் கூலி குடுக்கவேணும்?" என்று சாரதியிடம் கத்தினேன். "வரேக்கையும் என்ரை தலையிலை, போகேக்கையும் என்ரை தலையிலையோ?"

"அதைக் கடைக்காரரோடையும் வியாபாரியோடையும் கதை, தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் லொறியை எடுத்தார்.

கதைத்தேன். வியாபாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஏலத்தில் இன்னும் குறைத்துக் கேட்டார்.

"என்ன செய்யிறது தம்பி, உங்கடை மீனிலை மண்ணெண்ணெய் மணக்குதெண்டு ரவுணிலை சனம் கத்துது."