ஊசிக்கண்ணின் ஆறு தகரக் குருவிகள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினொரு வயதில் அடுத்தவர் வீட்டுச் சுவரைச் சுரண்டப் போனேன். முப்பது வயதில் என்னிடம் பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். இந்த ஊரின் நீதிமன்றம், பெரிய ஆஸ்பத்திரி, ரயில் நிலையத்து முன்கூடம் எல்லாம் நான் வர்ணம் அடித்தவை. போய்த் தடவிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழுக்கும். பாடுபட்டவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது? ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் தங்கையைப் பற்றி. என்னைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, அது தனியாக ஒரு புத்தகம் ஆகும்.

என் தங்கை சட்டை ஆலையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள். தைத்து வரும் சட்டையைப் பிடித்து, பொத்தான், காலர், தையல் எல்லாம் பார்த்து, சரியென்றால் வலது பக்கம், இல்லையென்றால் இடது பக்கம் வீசுவது அவள் வேலை. ஆலையில் அவளுக்கு ஊசிக்கண் என்று பேர் வைத்திருந்தார்கள். உண்மையில் அவள் கண்ணைவிட விரல் கூர்மை. பேச்சு ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம் இருக்கும், கை மட்டும் தையலின் மேல் ஓடும். ஒரு நூல் விட்டுப்போயிருந்தால் அங்கே நின்றுவிடும். என்னிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவனுக்கும் அப்படி ஒரு விரல் இருந்ததில்லை. எனக்கு மட்டும்தான் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மா பொம்மைத் தொழிற்சாலையில் தகரம் மடிக்கிற பிரிவில் இருந்தார். சாவி கொடுத்தால் கொத்துகிற குருவிகள் அங்கே தயாராகும். மூக்கு கோணியது, வால் குட்டையானது, இறக்கை மடிப்பு வாய் பிளந்தது என்று ஒதுக்கித் தள்ளியவற்றை வேலைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அம்மா ஆறு குருவிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். குளிர் முடிந்து ஜன்னல்களைத் திறக்கிற வாரத்தில் நான்கு நாள் வசந்த விடுமுறை வரும். முதல் நாள் காலையில் கூடத்து ஜன்னலுக்குக் குறுக்கே கம்பி இழுத்து, பச்சைக் காகிதச் சரம் சுற்றி, அந்தக் குருவிகளைத் தொங்கவிடுவோம். வேறு அலங்காரத்துக்கு வசதி கிடையாது. பிறகு எனக்கு வசதி வந்தது, பெரிய கடைகளில் இருக்கிறதையெல்லாம் வாங்கிவந்து மாட்டினேன். இருந்தும் அந்தக் கம்பியில் குருவிகளைத் தவிர எதையும் மாட்ட அம்மா விட்டதில்லை.

முதலில் அம்மா, நான், தங்கை என்று மூன்று குருவிகளுக்குத்தான் ஆள் இருந்தது. என் மனைவி வந்ததும் நான்காவது அவளுக்குப் போனது. தங்கையைக் கட்டிக்கொண்ட பஸ் டிரைவர் மாப்பிள்ளைக்கு ஐந்தாவது. அவர்கள் மகள் பிறந்ததும் ஆறாவது. பெட்டி காலி. எனக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் ஏழாவது தேவைப்படவும் இல்லை.

மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பெட்டியில் கைவிட்டு எடுத்து, இது இன்னாருடையது என்று குறையைச் சொல்லிக் கேலியாக ஒரு குத்து குத்த வேண்டும். குருவிக்குச் சொந்தக்காரர் பதில் சொன்ன பிறகுதான் அது கம்பிக்குப் போகும். அம்மாவுக்குப் பிறகு அந்த வேலை தங்கைக்கு வந்தது.

"மூக்கு கோணல். அண்ணன்தான். ஊர் விஷயத்துல எல்லாம் மூக்க நுழைச்சு நுழைச்சுக் கோணிப்போச்சு."

"ஊரெல்லாம் நுழைச்சதாலதான்டி உனக்கு நிழலா ஒரு கூரை இருக்கு" என்பேன் நான்.

மாப்பிள்ளையின் குருவிக்கு இடது இறக்கையில் மடிப்பு பிளந்து ஒரு இடுக்கு உண்டு. அவர் இந்த வீட்டுக்கு வந்த முதல் வசந்தத்தில் அதை ஆர்வமாகப் பிடித்து விரலை வெட்டிக்கொண்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து, பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, பயணிகளை இறங்கச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் குருவியை எடுக்கும்போது தங்கை குத்த மாட்டாள். அந்த இடுக்கில் நகத்தை விட்டபடி கொஞ்ச நேரம் நிற்பாள்.

அவர் போன இரண்டாம் வருஷம் தங்கைக்குக் கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து, அறுவை எல்லாம் பார்த்தோம். செலவுக்கு நான் அஞ்சியவன் அல்ல. ஆனாலும் ஓரத்திலிருந்து இருட்டு நகர்ந்து வந்து, போன வருஷம் முழுசாக மூடிக்கொண்டது. என் வீட்டுக் கீழ்ப் பகுதியில் தனியாக இருக்கிறாள். தானே துவைப்பாள், தானே சமைப்பாள். அழுது நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அண்ணே, அவர் மூஞ்சி நழுவிக்கிட்டே போகுது. போட்டோ எனக்கு இப்ப வெறும் கண்ணாடி. அந்தக் குருவியத் தொட்டாத்தான் வராரு. விரலைச் சப்பிக்கிட்டுச் சிரிச்சாரே, அந்த மூஞ்சி."

இதை நான் காதில் வாங்கினேன். ஆனால் கேட்டது ஒன்று, செய்தது வேறு.

இந்த வருஷம் விடுமுறைக்கு மூன்று வாரம் இருக்கையில் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். குருவிகள் துரு ஏறி, வர்ணம் செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தன. ஊர்ச் சுவரையெல்லாம் கண்ணாடியாக்கினவன் வீட்டில் இப்படியா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கைக்கும் இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்று நினைத்தேன். பின்பக்கக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு பதினொரு நாள் உட்கார்ந்தேன். துருவை எடுத்தேன். கோணல் மூக்குகளைக் குறடு கொண்டு நிமிர்த்தினேன். குட்டை வாலுக்குத் தகரம் ஒட்டி நீட்டினேன். பிளந்த மடிப்புகளை ஈயம் வைத்து மூடினேன். பட்டி வைத்துப் பள்ளம் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே மூன்று பூச்சு எனாமல். சொல்கிறேன், என் எழுபத்திரண்டு வயதில் அதைவிடச் சுத்தமான வேலை செய்ததில்லை. ஆறும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வந்தன.

விடுமுறையின் முதல் நாள் காலை தங்கை மகள் மருந்துக்கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். என் மனைவி கம்பி கட்டினாள். தங்கை வழக்கம்போல் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, பெட்டியை மடியில் வைத்துக் கையை உள்ளே விட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பாராட்டுக்காக நின்றேன்.

முதல் குருவியை எடுத்தாள். மூக்கு, முதுகு, வால் எல்லாம் தடவினாள். கீழே வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். வைத்தாள். மூன்றாவதற்குப் பிறகு அவள் விரல் வேகமாக ஓட ஆரம்பித்தது. ஆலையில் கூட அவளை அப்படி நான் பார்த்ததில்லை. ஆறும் மடிக்கு வந்தாயிற்று. மறுபடி முதலிலிருந்து தொட்டாள்.

"இது யாரோடது? அண்ணே, நம்ம குருவி எங்கே?"

"நம்மளதுதான்டி! எல்லாத்தையும் நான் சரி பண்ணிட்டேன். தடவிப் பாரு, எப்படி வழுக்குது!"

"அவரோடது எது?"

நான் குனிந்து ஆறையும் மாறி மாறிப் பார்த்தேன். துரு எடுத்த அன்றே ஆறையும் ஒரே பலகையில் வரிசையாகப் பரப்பியவன் நான். எது எங்கே போனது என்று குறித்து வைக்கத் தோன்றவில்லை. இடுக்கு இருந்த இறக்கை எதுவென்று எனக்கும் தெரியாது.

"என்னங்க, நிஜமாவே தெரியாதா?" என்றாள் என் மனைவி.

"இரு, இரு. சுரண்டினா தெரிஞ்சுடும். அடியில ஈயம் இருக்கும்ல."

அவள் மடியிலிருந்து கைக்கு வந்த மூன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடி, ஒரு குருவியின் இடது இறக்கையைச் சுரண்டினேன். ஈயம் இருந்தது. இன்னொன்றைச் சுரண்டினேன். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும். துரு தின்ற மடிப்புகள் எல்லாவற்றிலும் நான்தான் ஈயம் ஊற்றியிருந்தேன். உயிரோடு இருக்கிற ஒரு ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம். அங்கே நின்று யாரிடம் கேட்பது?

திரும்பி வந்து குருவிகளைத் தங்கை மடியிலேயே வைத்தேன். தங்கை மகள் தன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விடும்மா. மாமா வேணும்னா செஞ்சாரு?"

"வேணும்னு செஞ்சா திட்டிடலாமே" என்றாள் தங்கை. "பாசத்துல செஞ்சவன என்னன்னு திட்டுறது?"

அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம். தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். முழங்கால் வலி, உட்கார எனக்கு நேரம் பிடித்தது.

"புதுசா ஒரு இடுக்கு போட்டுத் தரேன்டி. அதே இடத்துல. அதே அளவு."

"எந்தக் குருவில போடுவ?"

என் மனைவிக்குச் சும்மா இருக்க வராது. மடியிலிருந்து ஒரு குருவியை எடுத்து, வாலைப் பல்லால் கடித்து நெளித்தாள். "இது என்னோடது. நாப்பத்தஞ்சு வருஷமா இந்த மனுஷன நெளிக்கணும்னு பாக்கறேன். முடியல. குருவியாவது நெளியட்டும்." தங்கை மகள் சிரித்துவிட்டு, தன்னுடையதென்று ஒன்றை எடுத்து இறக்கையை மடக்கினாள். எனக்கு ஒன்றை நீட்டினார்கள். என் குறடு ஒன்றை எடுத்து, நானே நிமிர்த்திய ஒரு மூக்கை நானே கோணலாக்கினேன். வர்ணம் வெடித்துத் தெறித்தது. தங்கை தன் குருவியின் முதுகில் கட்டைவிரலை வைத்துக் குழி விழும்வரை அமுக்கினாள்.

இரண்டு மீதி. அம்மாவும் மாப்பிள்ளையும். இரண்டும் வழவழவென்று ஒரே மாதிரி.

"மாமியாரும் மருமகனும்" என்றாள் தங்கை, ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு. "உயிரோட இருந்தப்ப ஒரே சோபால உக்காந்ததில்ல. இப்ப எது எதுன்னு தெரியாம கிடக்காங்க."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. குருவிகளை மடியில் வைத்துவிட்டு, என் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அண்ணே. நீ எதையும் தடவித் தடவிப் பாக்கறவன். அவரையும் பாத்திருப்பே. அந்த மூஞ்சி எப்படி இருக்கும், சொல்லு."

நான் பேசத் தயங்கியதாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சுவரைப் பார்க்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். மேலிருந்து கீழே.

"நெத்தி அகலம். நடுவுல ஒரு கோடு. தொப்பி வச்சு வச்சு விழுந்த கோடு."

"ம்."

"புருவம் ரெண்டும் நல்ல அடர்த்தி. இடது புருவத்துல ஒரு வெட்டு. சின்ன வயசுல கதவுல இடிச்சுக்கிட்டது."

"வலது."

"இல்லடி, இடது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அவருக்கு எதிர்ல நின்னு பாத்தவன் நீ. அதான் இடதுன்னு தோணுது." அவள் கை எழுந்து, எதிரில் ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு முகம் இருக்கிற உயரத்தில் நின்றது. "நான் பக்கத்துல படுத்தவ. வலதுதான். அந்த வெட்டுல முடி வளராது. அதுக்குக் கீழ, கண்ணோரத்துல, மூணு சுருக்கம். சிரிச்சா நாலு."

"நாலா?"

"நாலு. நீ எங்க பாத்தே" என்றாள் என் தங்கை. "சரி, மேல சொல்லு. மூக்குக்கு வா."