கேளாத பிரேக்கும் எரியும் விளக்கும்

காலையில் காரின் சாவியைத் திருப்பியதும் எனக்கு முன்னால் சில பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்து, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். மேற்கு ஜெர்மனிக்கு வந்த புதிதில் அதை வண்டி எனக்குச் சொல்லும் வணக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். சில மாதங்கள் கழிந்தபின் அந்த வரிசையில் ஒன்று குறைந்திருந்தது. பல்பு போய்விட்டது போலும் என்று இருந்துவிட்டேன். பிறகு இன்னொன்றும் குறைந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையேட்டைப் படித்தபோதுதான் விளங்கிற்று. ஓடிய தொலைவையும் இயந்திரம் பட்ட சூட்டையும் வண்டியே கணக்கில் வைத்துக்கொண்டு, விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. பச்சை தீர்ந்தால் மஞ்சள் எரியும். பராமரிப்புக்கு நேரமாயிற்று என்று பொருள். அதையும் மதிக்காதவர்களுக்குச் சிவப்பு. பிரேக்குக்கு இவற்றோடு சேராத தனி விளக்கு உண்டு. பிரேக் கட்டைக்குள் மெல்லிய கம்பி ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள். கட்டை தேயத் தேயக் கம்பி வெளியே வந்து உரசி அறுந்துவிடும். அறுந்ததும் விளக்கு எரியும். ஓட்டுபவர் ஒரு சத்தத்தையும் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வசதியைப் படித்தபோது கையேட்டை மூடிவைத்தேன். மதுரையில், எழுபதுகளில், எங்கள் வீட்டுக் காரில் அந்த வேலையை என் அம்மா செய்துகொண்டிருந்தார்.

அப்பா கல்லூரியில் சரித்திரம் கற்பித்தவர். சிம்மக்கல்லில் லாரிகளுக்கும் டவுன் பஸ்களுக்கும் நடுவே குடியிருந்த எங்களுக்கு, இரண்டாம் கையாக வாங்கிய சாம்பல் நிறக் கார் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருமங்கலத்து அத்தை வீட்டுக்குப் போவோம். புளிய மரங்களுக்கு அப்பால் கரிசலில் பருத்தி வெடித்துக் கிடக்கும். அப்பா வண்டி ஓட்டும்போது பாடம் நடத்துபவரைப் போல நிமிர்ந்து உட்காருவார். அந்த ஆண்டுகளில்தான் அவருடைய செவி மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிச் சமாளித்தார். காரில் அது முடியாது. அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக்கின் பட்டை தேய்ந்தால் அதை இறுக்கியிருக்கும் ஆணிகள் இரும்பில் உரசும். அந்தச் சத்தம் ஒன்றுதான் அறிவிப்பு. அப்பாவுக்கு நேர் பின்னால் உட்காரும் அம்மா, தேங்காய் துருவுவது போன்ற அந்த ஒலி கேட்டதும் அவருடைய வலது தோளை விரலால் தொடுவார். பேச்சே இராது. அடுத்த நாள் வண்டி அவனியாபுரத்துப் பட்டறையில் நிற்கும்.

பட்டறைக்கு அம்மாவும் உடன் போவார். "என்ன சார் கம்ப்ளைண்டு?" என்று மெக்கானிக் கேட்டால், அப்பா வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொள்வார். "பிரேக்குல என்னமோ உரசுதாம்ணே. அவுகளுக்கு நேத்தே கேட்டிருச்சு. எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கேக்கல." மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சாருக்குப் பாம்புச் செவி அக்கா!" என்று வியப்பார். அப்பா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். அந்தப் புகழ் சொந்தக்காரர் வீடுகள் வரை பரவியது. கார் விஷயத்தில் அப்பாவின் காதுக்குத் தப்பி ஒன்றும் நடக்காது என்று, அம்மாவின் விரலைக் கவனிக்காத அண்ணனும் நானும் மனமார நம்பினோம்.

ஒரு ஞாயிறு அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாவும் அண்ணனும் மட்டும் திருமங்கலம் புறப்பட்டார்கள். ஊர் எல்லை தாண்டியதுமே பிரேக் உரசத் தொடங்கியிருக்கிறது. அண்ணன் அதைக் கேட்டான். தனக்கே கேட்பது அப்பாவுக்குக் கேட்காதா, திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்வார் என்று வாளாவிருந்துவிட்டான். திருமங்கலத்துக்குச் சற்று முன்பாகப் பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. அப்பா மிதித்தார், கார் நிற்கவில்லை. பொதியில் போய் மோதியது. ஒருவருக்கும் அடியில்லை, மாடுகளுக்கும் இல்லை. சாம்பல் நிறக் காரின் மேல் பஞ்சு பூத்துக் கிடந்ததாம். வண்டிக்காரர் இறங்கி வந்து, "ஏய்யா, அம்புட்டுத் தூரத்துல இருந்து கறகறன்னு கத்திக்கிட்டே வருதே, உள்ள இருக்குற ஒங்களுக்குக் கேக்கலையா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்றாராம். அந்த ஒரு கேள்வியில் அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று மாலையே கார்ச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்; அதன்பின் வண்டியை அவனே ஓட்டினான். அப்பா அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஞாயிறுகளில் முன்னிருக்கையின் இடது பக்கத்தில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

சென்ற கோடையில் அம்மாவும் அப்பாவும் என்னிடம் வந்திருந்தார்கள். இந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். அப்பா பழக்கத்தில் முன்பக்கத்து வலது கதவைத் திறந்து அமர்ந்தார். அம்மா அவருக்குப் பின்னால். நகரத்துக்கு வெளியே ஏரி ஒன்றைக் காட்ட அழைத்துப் போனேன். மலைச்சரிவில் இறங்கும்போது என் வலது தோளில் ஒரு விரல் பட்டது. அப்பா முன்பலகையைக் காட்டினார். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சளும் சில நாட்களாகவே எரிந்தது. நான்தான் நாளை நாளை என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

மெதுவாக ஓட்டி, வெர்க்‌ஷ்டாட் என்று இவர்கள் அழைக்கும் பட்டறைக்கு வந்து சேர்ந்தோம். மைஸ்டர் என்ற தலைமை மெக்கானிக் அப்பாவை நோக்கிக் கை நீட்டி இருமுறை வணக்கம் சொன்னார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் காதில் அது விழவில்லை. பிறகு மைஸ்டர் என்னிடம் திரும்பி, பிரேக்கில் ஏதேனும் சத்தம் கேட்டதா என்று ஜெர்மன் மொழியில் விசாரித்தார். நான் சிறிதும் யோசிக்காமல், "அப்பாவுக்குக் கேட்டது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு மொழி புரியவில்லை என்று முடிவுகட்டி, காதைத் தொட்டுக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடியும் கேட்டார். நானும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அதையே சொன்னேன். பட்டறையில் நிற்கும் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வேறு விடை தெரியாது.

வேலை முடியும் தறுவாயில், அவர் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த துளையில் சிறு கருவி ஒன்றைச் செருகிப் பொத்தானை அழுத்தினார். மஞ்சள் மறைந்து பச்சை விளக்குகள் அத்தனையும் ஒருங்கே திரும்பி வந்தன. பிரேக் விளக்கையும் இப்படியே அணைத்துவிடலாமே என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். எண்ணெய் மாற்றிய கணக்கைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகக் கருவி போதும். அறுந்த கம்பியை அதனால் ஒட்டவைக்க முடியாது. புதுக் கட்டையோடு புதுக் கம்பியும் பொருத்தினால்தான் விளக்கு அணையும். அப்படியே பொருத்தினார், அணைந்தது.

திரும்பும் வழியில் அப்பா நெடுநேரம் முன்பலகையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, செவி மங்கியவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டார்: "ஏம்மா, இந்த வெளக்கு நம்ம வண்டியில இருந்திருந்தா, ஒங்கண்ணன் சாவிய வாங்கியிருக்க மாட்டான்ல?"

அம்மா பின்னாலிருந்து குரலை உயர்த்தினார். "வெளக்கு என்னத்துக்கு? நான்தான் இருந்தேன்ல! ஒரு நாளு காச்சல்ல படுத்துட்டேன், அம்புட்டுத்தான்."

"அதைத்தானடி நானும் சொல்றேன். நீ தொட்டாத்தான் எனக்குத் தெரியும். நீ வராத அன்னைக்கு நான் வண்டிய எடுத்திருக்கக் கூடாது."

அம்மா அவருடைய இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "அப்ப எனக்குத்தான் காது கேக்குதுன்னு பட்டறையில ஒரு நாளாச்சும் சொன்னீகளா? பாம்புச் செவின்னு அவரு சொல்லச் சொல்ல, பூரிச்சுப்போயில்ல நின்னீக!"

"நீ அம்புட்டு அழகாப் பொய் சொன்ன. கெடுக்க மனசு வரல" என்றார் அப்பா. அம்மா சிரித்துவிட்டார். சாவி போன நாளிலிருந்து அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

விடுமுறை முடிந்து அவர்களை விமானம் ஏற்றிவிட்டுக் காருக்குத் திரும்பினேன். கைப்பையை வைப்பதற்காக வலது கதவைத் திறந்தபோது, அந்த இருக்கையின் முன்னிருந்த ரப்பர் விரிப்பு முன்புறம் தள்ளப்பட்டு மடங்கிக் கிடந்தது. நடுவில் காலணியின் தடம் அழுந்தப் பதிந்திருந்தது. நான் பிரேக் மிதித்த இடங்களிலெல்லாம், ஏரிக்குப் போன சரிவிலும் ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும், அப்பாவும் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். நம் ஊர் வண்டிகளில் பிரேக் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

விரிப்பை நேராக்கக் குனிந்தேன். அப்படியே விட்டு நிமிர்ந்தேன். கதவை மெல்லச் சாத்திவிட்டு, சுற்றி வந்து இடது இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பினேன். விமான நிலையத்துக்கு வெளியே முதல் சந்திப்பில் வண்டி நின்றபோது, என் கால் பிரேக்கின் மேல் இருந்தது; கண் மட்டும் வலது பக்கத்து மடங்கிய விரிப்புக்குப் போய், வண்டி நன்றாக நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டது.