குற்றாலத்தில் ஓர் ஆசாரமான லாட்ஜ்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் சென்ற முறை வந்த கன்னியாகுமரிக் கட்டுரையில் சூரியன் கடலில் மூழ்கும் காட்சி ஒரு பக்கத்துக்கு இருந்தது. எழுதியவளைக் கேட்டால், அன்று மேகமூட்டம், ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். சாரல் காலத்தில் குற்றாலம் போக நினைக்கும் தோழிகளுக்கு இது உண்மையாகவே பயன்பட வேண்டும். அக்காவிடமும் கேட்டுவிட்டேன். "எழுது. என் பேர மட்டும் போடாத" என்றாள்.

நாங்கள் போனது குளிப்பதற்காக அல்ல, அக்காவைப் பெண் பார்ப்பதற்காக. மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார். லீவில் வந்திருக்கிறார். அவர்களுக்கு ஊர் பாவூர்சத்திரம். இரண்டு வீட்டாரும் அருவிக்கு வந்ததுபோல வந்து ஒரே லாட்ஜில் தங்கிப் பார்த்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் போய்விடுவது என்று ஏற்பாடு. ஆனி முடிவதற்குள் பார்க்க வேண்டும் என்பதால் நான் வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன்.

அக்காவுக்கு முதுகில், இடது தோளுக்குக் கீழே, வெற்றிலை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. ஆறு வருடமாக இருக்கிறது. பரவவில்லை. பாளையங்கோட்டை டாக்டர், "தோலில் நிறம் போய்விட்டது, அவ்வளவுதான், யாருக்கும் ஒட்டாது" என்று சொல்லிவிட்டார். ஆனாலும் யாரோ சொல்லி, முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயின. இந்த இடத்தில் கல்யாணம் முடிகிறவரை மூச்சுவிடக் கூடாது என்று அம்மா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

திருநெல்வேலியில் காலை ஏழு மணிக்குப் பாசஞ்சர் ரயில். தென்காசிக்குப் பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. எரிந்து பிளந்து நிற்கும் பெரிய கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். உச்சியே இல்லை. ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். குதிரை வண்டிக்கு ஒன்றரை ரூபாய் கேட்டார்கள், ஒன்றேகாலுக்கு வந்தார்கள். அப்பா லாட்ஜின் பெயரைச் சொன்னதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கனயா அண்ணாச்சி? இப்பம் அங்க வவ்வாலும் மேனேஜரும்தான் தங்குதாவ."

மாப்பிள்ளை வீட்டார் ஆசாரமான இடமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெரிய மனிதர்கள் தங்கிய பங்களா என்று அப்பா சின்ன வயதில் கேட்ட பெயர் அது ஒன்றுதான். கடைத்தெருப் பக்கம் புது லாட்ஜ் ஒன்று இருந்தது. அறைக்குள்ளேயே குளியலறை, நாளுக்கு ஐந்து ரூபாய். எங்கள் லாட்ஜில் மூன்று ரூபாய். அதை விட்டு இதற்கு வந்தது மிச்சமாகும் இரண்டு ரூபாய்க்காக அல்ல, ஆசாரத்துக்காக என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜின் பெயரை நான் எழுதவில்லை. பலகையிலும் பாதி எழுத்துகள்தான் மிச்சம் இருக்கின்றன. கூடத்தில் மான் தலை ஒன்று மாட்டியிருக்கிறது, ஒரு கொம்பு இல்லை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம். தலையணையை எடுத்தால் காளான் வாசனை வரும். குளிக்க, துணி துவைக்க எல்லோருக்கும் பின்கட்டுக் கிணறு ஒன்றுதான். மேனேஜர் அண்ணாச்சி, வந்தவர்களிடம் பெயர் கேட்பதற்கு முன்னால் வெங்காயம், பூண்டு சமையலில் கிடையாது என்று சொல்லிவிடுகிறார்.

அன்று மாலை பெண் பார்த்தார்கள். பாவூர்சத்திரத்து அத்தை (மாப்பிள்ளையின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடச் சொன்னார்கள்) கலகலப்பானவர். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சடையைக் கையால் தூக்கிப் பார்த்து, "சவுரி இல்லலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னிடம் மட்டும் பேசினார், என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்டார். அத்தை அக்காவுக்குப் பூ வைத்துவிட்டார். அன்று இரவு அம்மா இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில்தான் கஷ்டம் வந்தது. அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"பொண்ண அனுப்புங்க மதினி. ரெண்டு பேரும் சேந்து குளிச்சிட்டு வாரோம். குத்தாலத்துக்கு வந்து மருமகளுக்கு எண்ணெ தேய்ச்சு விடாட்டா எப்படி?"

தோழிகளே, அருவியில் பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறார்கள். தோளும் முதுகும் வெளியே தெரியும். மாமியார்கள் சேர்ந்து குளிக்கக் கூப்பிடுவது அதற்காகத்தான் என்று அக்கா பிறகு சொன்னாள். எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "அவ இன்னிக்குத் தூரமாயிட்டா மதினி" என்று சொல்லிவிட்டாள். நம் வகுப்பில் எல்லோரும் பெண்கள் என்பதால் விளக்க வேண்டியதில்லை.

அத்தையின் முகம் மாறியது. "நேத்துதான பூ வச்சேன்? விடியுமுன்ன இப்படியா?" என்று எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பொய் அறைக்குள் நிற்கவில்லை. மேனேஜர் காதில் விழுந்தது. "குத்தம் சொல்லுதேன்னு நினைக்காதிய. இங்கன ஆசாரம்னா ஆசாரம்தான். பிள்ளைய ஒதுக்கறைக்கு அனுப்பிருங்க" என்றார். அம்மா என்ன செய்வாள்? பொய் என்று சொல்ல முடியுமா? அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

ஒதுக்கறை கிணற்றைத் தாண்டி, மலைச்சரிவை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கூரையில் இரண்டு ஓடுகள் இல்லாததால் சாரல் உள்ளேயே விழுகிறது. நான் மத்தியானம் சோறு கொண்டுபோனபோது அக்கா காலில் ஒட்டியிருந்த அட்டையை உப்புப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, தள்ளி நில்லு. இல்லாத தீட்டு ஒட்டிக்கிடப் போவுது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"மூணு நாளுதான அக்கா?" என்றேன்.

"மூணு நாளா? கல்யாணம் முடிஞ்சா அந்த வீட்டுக் கிணத்தடியில தெனமும் குளிக்கணும்லா? தெனமும் தூரம்னு சொல்ல முடியுமா?"

நான் இதை யோசிக்கவே இல்லை. அம்மாவும் யோசித்திருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

இன்று காலை மழை விட்டிருந்தது. நான் காப்பி கொண்டுபோனபோது அக்கா அறையில் இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்க வழியாகப் பேரருவிக்கு நடந்துகொண்டிருந்தாள். டம்ளரைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு நானும் ஓடினேன். லாட்ஜிலிருந்து அருவிக்குப் பத்து நிமிடம். நல்ல தண்ணீர். கண்ணைத் திறக்க முடியாத தூவானம். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தையும் அவர் மகளும் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எல்லோரையும்போலப் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு நேராக அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏட்டி, நீ தூரம்லா!" என்று அத்தை கத்தினார். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

"இல்லத்த. அம்மா சொன்னது பொய்யி. இதுக்காகச் சொன்னா." அக்கா திரும்பி முதுகைக் காட்டினாள். "ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ. பாத்துக்கிடுங்க."

அத்தை பார்த்தார். சுற்றி இருந்த பெண்களும் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அத்தை அக்காவைத் திட்டவில்லை. "என்ன பிள்ள இது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். அக்கா அங்கேயே நின்று வெகுநேரம் குளித்தாள். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்ததால் அழுதாளா என்று என்னால் சொல்ல முடியாது.

நாங்கள் திரும்பி வருவதற்குள் அவர்களுடைய வண்டி வந்து நின்றிருந்தது. அத்தை அப்பாவிடம், "அந்தத் தழும்புக்காக இல்ல அண்ணாச்சி. பொய் சொன்ன வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கது, சொல்லுங்க" என்றார். அப்பா தலை குனிந்து நின்றார். மாப்பிள்ளை வண்டியில் ஏறிவிட்டு மறுபடி இறங்கினார். என்னவோ சொல்ல வந்தவர்போல எங்கள் அறைப் பக்கம் பார்த்தார். அத்தை கூப்பிட்டதும் ஏறிக்கொண்டார்.

பொய்க்காகத்தான் என்றால் அது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அருவிக்கரையில் அத்தை மறந்து விட்டுப்போன சீயக்காய்க் கிண்ணம் இருந்தது. வெண்கலம், நல்ல கனம். அக்கா அதிலிருந்து ஒரு கை எடுத்துத் தேய்த்துக்கொண்டாள். நான் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுபோய் வண்டியருகில் நீட்டினேன். "நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார் அத்தை. கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் அண்ணாச்சி, அக்கா நடந்து வந்த வழியெல்லாம் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பொய் என்று அவருக்கும் இப்போது தெரியும். இருந்தாலும் ஊற்றச் சொன்னார். நான்தான் ஊற்றினேன்.

இனிப் போகிறவர்களுக்கு. சாரலுக்கு ஆனி, ஆடி நல்லது. உலராத துணிக்காக இரண்டு செட் அதிகம் வையுங்கள். அட்டைக்கு உப்புப் பொட்டலம் அவசியம். வடையை வெளியே எடுத்தால் குரங்கு பிடுங்கும். ஐந்தருவி மூன்று மைல் என்றார்கள். நாங்கள் போகவில்லை, ஆகவே அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. லாட்ஜைப் பொறுத்தவரை, பழைய பெயரைக் கேட்டுப் போகாதீர்கள். அறைக்குள்ளேயே குளியலறை இருக்கும் இடமாகப் பாருங்கள். அங்கே ஒதுக்கறை இருக்காது. அம்மாவின் பொய்யும் அறைக்குள்ளேயே இருந்திருக்கும். அது நல்லதா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. ஐந்து ரூபாய் என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

நாளைக் காலை ரயிலுக்குப் போகிறோம். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அம்மா, கார்போக அரிசி போட்டுக் காய்ச்சிய மருந்து எண்ணெயைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஆறு வருடமாகத் தினமும் அக்கா முதுகில் தடவுவது அது.

"வேண்டாம்மா" என்றாள் அக்கா.

"இன்னொரு எடம் வரும்லா. ஒருநாகூட விடக்கூடாதுட்டி."

"வந்தா, இருக்கத அப்படியே பாத்துட்டுப் போட்டும்."

அம்மா புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அக்கா ரவிக்கையைத் தளர்த்தவில்லை. பிறகு அம்மா மூடியைத் திருகி மூடினாள். என்னிடம், எழுதியது போதும் என்றாள். விளக்கை அணைத்துவிட்டாள்.