காஜாவின் உளி

ஷஹர்பானுவுக்கு அறுபத்திரண்டு வயது. வாலாஜாபாத்திலிருந்து கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்து நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. அதில் முப்பத்தைந்து வருஷம் புருஷன் காஜா பாத்திரங்களில் பேர் வெட்டினார், அவள் சோறாக்கினாள். பிறகு காஜாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "ஆமா." பசிக்கிறதா என்றாலும் ஆமா, வயிறு நிறைந்ததா என்றாலும் ஆமா. அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். உதட்டைப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பாள், துணியைத் தொட்டுப் பார்த்து மாற்றுவாள். மிச்ச நேரத்தில் வாசல் அறையில் உட்கார்ந்து மிஷினால் பேர் வெட்டினாள். அழுததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை கஞ்சி ஊட்டி முடித்த நேரத்தில் கலியாணசுந்தரம் வந்தார். இரண்டு தெரு தள்ளித் தறி வைத்திருப்பவர். பட்டுத்துணி மூட்டையைப் பிரித்து ஒரு செப்பேட்டை எடுத்து வைத்தார். பச்சைக் களிம்பு ஏறிய தகடு, இரண்டு பக்கமும் பழங்கால எழுத்து.

அவர்கள் தெருக் கோயிலில் பங்குனித் திருக்கல்யாணத்துக்கு அம்மனுக்கு முதல் பட்டு சாத்தும் உரிமை யாருக்கு என்று இரண்டு குடும்பங்களுக்குள் தகராறு. தன் முன்னோருக்கு ஓர் அரசன் எழுதிக் கொடுத்தது என்று இந்தச் செப்பேட்டைத் திங்கட்கிழமை கோயில் ஆபீஸ் விசாரணையில் வைக்கப்போகிறார். கல்வெட்டு ஆபீசர் ஒருவர் வந்து பார்ப்பார். மெய்யென்றால் முதல் பட்டு இவருக்கு. பொய்யென்றால் போலீசுக்குப் போவோம் என்று எதிர்க் குடும்பம் சொல்லியிருந்தது. எழுத்தைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வெட்டு பழசுதானா என்று செம்பு தெரிந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

அவள் எலுமிச்சைத் தோலால் ஓரத்தில் ஒரு விரலகலம் தேய்த்தாள். நெடுங்காலத்துக் களிம்பு செம்பைத் தின்று உள்ளே இறங்கியிருக்கும். இது மேலே பூசியதுபோல் கரைந்து வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்தில் எறும்பு கடித்தாற்போல் ஒரு சின்னக் கீறல்.

அது காஜாவின் உளி. அதன் ஒரு மூலை உடைந்திருந்தது. புதுசு வாங்கச் சொன்னால், கைக்குப் பழகிவிட்டது என்பார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தகட்டுக்கு உப்பும் புளியும் தடவிச் சாக்கடையோரம் மாதக்கணக்கில் புதைத்து வைத்திருந்தார். என்ன எழவு இது என்று அவள் திட்டியதற்கு, கலியாணசுந்தரத்தின் அப்பா சொன்ன வேலை என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

நெஞ்சு படபடக்கும் என்று நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கஞ்சிக் கிண்ணம் காய்வதற்குள் கழுவ வேண்டும் என்றுதான் தோன்றியது.

"இது பழசு இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரர் வெட்னது."

கலியாணசுந்தரம் நம்பவில்லை. தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்தார்.

"பாய், இது நீங்க வெட்னதா?"

"ஆமா."

அவர் முகம் சுண்டியது. கொஞ்சம் யோசித்து மறுபடியும் கேட்டார். "ராஜா காலத்துதா, பாய்?"

"ஆமா."

"பாத்தீங்களாக்கா, அவரே சொல்றாரு."

"லண்டன்ல செஞ்சதான்னு கேளு. அதுக்கும் சொல்வாரு."

அவர் தரையில் உட்கார்ந்தார். அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது, தெரியாது என்றாள்.

"நீங்க வாயத் தொறக்கலன்னா யாருக்குக்கா தெரியும்?"

"இந்த ஊர்ல பாதி வீட்டு அண்டாவுல இந்தக் கீறல் இருக்குது. உன் எதிராளி வீட்லயும் இருக்குது. மொதல்ல உன் கல்யாணச் சொம்ப எடுத்துப் பாரு, போ."

அவர் தகட்டைச் சுற்றிக்கொண்டு போனார். வெள்ளி, சனி ஆள் வரவில்லை. திங்கட்கிழமை போலீஸ் வந்தால் காஜாவுக்கு எந்தச் சட்டை சுலபமாகப் போடவரும் என்று யோசித்து, முன்பக்கம் பொத்தான் வைத்த ஒன்றைத் துவைத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். சொம்பைப் பார்த்ததாகச் சொன்னார். பாத்திரம் கைமாறும்போது பழைய பேரைத் தட்டி எடுப்பீர்களே, அதுபோல் இதையும் எடுத்துவிடுங்கள் என்றார். அவள் தகட்டை இரும்புக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். இரண்டு பக்கமும் முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அவர் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெறும் செம்பாகிவிட்டதை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்.

திங்கட்கிழமை விசாரணையில் தன்னிடம் செப்பேடு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். முதல் பட்டு எதிர்க் குடும்பத்துக்குப் போயிற்று.

திருவிழா முடிந்த வாரம் அவர் மனைவி அம்சவேணி ஒரு டிபன் டப்பாவோடு வந்தாள். பேத்தி அபிநயாவின் பேரைப் போட வேண்டுமாம். அவர் இந்தத் தெரு வழியாகவே வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார் என்றாள். எதிர்க் குடும்பம் சாத்திய பட்டில் பார்டர் கோணல் என்றும் சொன்னாள். ஷஹர்பானு டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். பேர் மூடியிலா அடியிலா என்று கேட்டாள்.

"ரெண்டுலயும் போடுங்கக்கா. மூடிதான் தொலைஞ்சிக்கினே இருக்குது."

அவள் மிஷினைப் போட்டாள்.