ஏரியின் மேல் சொன்ன ஓம்

ஓக்லாந்தில் நாங்கள் இருக்கிற கிளென் ஈடனில் குளிர்காலக் காலைகளில் புல்லின் மேல் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருக்கும். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். அதுதான் எனக்குத் தெரிந்த உறைபனி. உறைந்த ஏரியின் மேல் லொறி ஓடும், அதில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள் என்று கனடாவிலிருந்து அண்ணை தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன். பதினாறு வயது மகள் சிரிக்கவில்லை. போயே ஆக வேண்டும் என்றாள், ஆங்கிலத்தில். நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கம்.

டிசம்பரில் பள்ளிக்கூடக் கோடை விடுமுறை தொடங்கியதும் போனோம். எங்களுக்குக் கோடை என்றால் அங்கே குளிர்காலம். மனைவி குளிருக்குப் பயந்து அண்ணியோடு டொராண்டோவிலேயே நின்றுவிட்டாள். அண்ணையும் நானும் மகளும் வடக்கே நாள் முழுக்கக் காரில் ஓடி ஓர் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களைக் கூட்டிப் போக ஒரு வழிகாட்டியை அண்ணை ஒழுங்கு செய்திருந்தார். பெரிய உடம்பு, தாடியெல்லாம் ஐஸ், வாய்க்குள்ளேயே கதைக்கிற மனிதர். பனியில் ஓடும் மோட்டார் வண்டியின் பின்னால் ஒரு சறுக்குப் பலகையைக் கட்டி, அதில் எங்களை ஏற்றிப் போனார்.

ஏரியின் மேல் இரண்டு பலகைக் குடில்கள் இருந்தன. ஒன்று கரைக்குக் கிட்ட, மற்றது தூரத்தில் புள்ளியாக. கிட்ட இருந்ததில் இறங்கினோம். காலுக்குக் கீழே, பசித்த வயிறு இரைவது போல ஒரு சத்தம் ஓடியது.

"அண்ணை, இது என்ன சத்தம்?"

"ஐஸ் இறுகுற சத்தமடா. கடலைச் சுத்தி வைச்சுக்கொண்டு இருக்கிறாய், தண்ணிக்கு இப்பிடிப் பயப்பிடுறாய்."

"கடல் சத்தம் போட்டா எனக்கு விளங்கும். இது விளங்குதில்லை."

"பேசாமல் மீனைப் பார்," என்று அண்ணை தேத்தண்ணிப் போத்தலோடு குடிலுக்குள் போய்விட்டார்.

வெளியே வழிகாட்டி இயந்திரத்தால் இன்னொரு துளை போட்டுக்கொண்டிருந்தார். மகள் அவர் பின்னால் நின்று ஏதோ கேட்டாள். அவர் என்னிடம் வந்து, தூரத்தைக் கையால் காட்டி, ஒரு நீண்ட கேள்வி கேட்டார். இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. என் தொப்பி காதை மூடியிருந்தது. குளிர்கிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். விளங்காத ஆங்கிலத்துக்கு நான் எப்போதும் கொடுக்கிற யெஸ் என்ற பதிலையே கொடுத்தேன். பல் கிட்டித்த குளிரில் அது தமிழாகவே வந்தது.

"ஓம், ஓம்."

அவர் தலையாட்டிவிட்டு இயந்திரத்தை நிற்பாட்டினார். தூண்டில்களைச் சுருட்டத் தொடங்கினார். மகளின் முகம் சுருங்கியது. அண்ணை குடிலுக்குள்ளிருந்து முணுமுணுத்தபடி வந்தார்: "மீன் இப்பதானே கடிக்கத் தொடங்கினது!" நேரம் முடிந்துவிட்டதாக்கும் என்று நான் நினைத்தேன். நீங்கள் எப்போதும் இப்படித்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வழி முழுக்க மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கரையில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. சண்டைக் காலத்தில் ஊரில் ஷெல் விழுந்த அதே சத்தம். நான் மகளை இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தேன். எழும்பிப் பார்த்தபோது தூரத்துக் குடில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர். பிறகு குடில் இல்லை. அதற்குள் ஒருவரும் இருக்கவில்லை.

வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு, அடுப்பு எரிந்த ஓர் அறையில், அடியில் நீரோட்டம் ஐஸை அரித்திருக்கிறது, தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். "நல்லகாலம், நீங்கள் வீட்டுக்குப் போவோம் என்றீர்கள்."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

"ஹோம், ஹோம் என்றீர்களே."

அண்ணைக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "எட தம்பி! நீ ஓம் எண்டது இவனுக்கு ஹோம் எண்டு கேட்டிருக்கு!" நானும் சிரித்தேன். அப்போதுதான் மகள் மெல்லச் சொன்னாள், அவர் என்னிடம் என்ன கேட்டார் என்று. தூரத்துக் குடிலுக்கு மகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டாராம்.

அண்ணையின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஓக்லாந்துக்குத் திரும்பிய பின் மகள் இதைப் பகிடியாக எல்லாருக்கும் சொன்னாள். கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள்கூட என்னைக் கண்டதும் "ஹோம்" என்று சிரித்தார்கள். தமிழ் காப்பாற்றியது என்றார் ஒருவர். நான் சம்மதித்துவிட்டேன் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அலுவலகத்தில் நாள் முழுக்க யெஸ், யெஸ் என்றுதான் சொல்கிறேன். அன்றைக்கும் அதைச் சொல்லியிருந்தால் அவர் சரியாகக் கேட்டிருப்பார்.

போன சனிக்கிழமை மகள் என் முன்னால் வந்து நின்றாள். சிநேகிதிகளோடு மேற்குக் கரைக் கடற்கரைக்குப் போக வேண்டுமாம். அந்தக் கறுப்பு மணலில் அலை ஆளை இழுத்துப் போகிற செய்தி கோடைக்குக் கோடை வரும்.

"போகட்டா, அப்பா?" காரியம் ஆக வேண்டுமென்றால் அவளுக்குத் தமிழ் வரும்.

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓமா, ஹோமா?" என்று மகள் சிரித்தாள்.

எவ்வளவு காலத்துக்கு வீட்டுக்குள் வைத்திருப்பது?

"ஓம்," என்றேன்.

நான் மனம் மாறுவதற்குள் ஓடிவிட்டாள். கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் அடங்கும்வரை கதவடியில் நின்றேன். இந்தத் தடவை நான் சொன்னது சரியாகவே கேட்டுவிட்டது.