நாலு குழாயிலும் கேட்ட என் குரல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் வணக்கம். "அதுக்கெல்லாம் எதுக்கு மலரு?" என்று கேட்டவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு நிதானமாகக் கோபப்படுங்கள்.

என் அக்கா மரக்காணத்தில் உப்பளத்து மேஸ்திரி வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். ஆண்பிள்ளை என்று நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனவர், மூன்று வருஷம் கழித்துப் புடவையில் திரும்பி வந்தார். அப்பா அடித்தார். அம்மா சோற்றைத் தொடவில்லை. கடைசியில் பெரியப்பாவின் மைக்செட் கடைப் பின்னறையில் தங்கிக்கொள்ளலாம், வெளியில் மட்டும் யாரும் உறவு சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று ஏற்பாடாயிற்று. எவ்வளவு பெரிய மனசு! வீட்டுக்குள் நான் ஒருத்திதான் அக்கா என்பேன். அதற்கே அவர் முகம் மலர்ந்துவிடும்.

ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ, செட்டுப் போட அக்காதான் போவார். எண்பதுகளின் கடைசியில், அவரோடு பள்ளியில் படித்த பாய் ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கேசட்டும் தானாகத் தாளம் போடும் சின்ன டிரம் மெஷினும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கேசட்டில் இருந்ததுதான் ஹவுஸ் மியூசிக். பாட்டுக் குரல் அதிகம் இருக்காது. ஒரே அடி, நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். மாவு மெஷின் மாதிரி இருக்கிறது என்றேன். "இன்னொரு வாட்டி கேளுடி, காலு தானா ஆடும்" என்றார். ஆடத்தான் செய்தது.

அப்புறம் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டு ரெக்கார்டு பிளேயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை அதே அடியில் ஏற்றுவார். ஒட்டுப் போட்டது தெரியாது. உப்பளத்தில் பெண்கள் பலகையால் உப்பு இழுக்கும் சத்தத்தை டேப்பில் பிடித்து, அதற்கடியில் டிரம் மெஷினை ஓடவிட்டுச் சொந்தமாகவே இசை செய்தார். இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் சாயங்காலம் கூடி ஆடும் இடத்தில் அவரை டிஜே என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். மரக்காணத்தில் அது இது என்றுதான் பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் வானூரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். "கல்யாணத்தன்னைக்கு உன் கையப் புடிச்சி, இவங்கதான் எங்கக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்வேன்" என்று அக்காவிடம் சத்தியம் செய்தேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அதை நம்பி, நாகஸ்வரத்தைப் பதிவு செய்து, டிரம் மெஷினோடு சேர்த்து எனக்கென்று ஒன்று செய்து வைத்தார். நான் அவர் கையைப் பிடிக்கும்போது அதைப் போடுவதாக இருந்தது.

தாலி கட்டி முடிந்தது. பெரியப்பா மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அணைக்காமலேயே என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மாமியார் என்னிடம் குனிந்து, "செட்டுகிட்ட புடவ கட்டிக்கினு ஒக்காந்திருக்குதே, உங்க வூட்டு ஆளா?" என்று கேட்டார்.

"இல்லீங்கத்த. செட்டு போட வந்தது. யாருன்னு தெரியாது."

பந்தலில் கட்டியிருந்த நாலு குழாய் ஸ்பீக்கரிலும் என் குரல் கேட்டது. இரண்டு தெருவைப் பார்த்து இருந்தன, இரண்டு உப்பளத்தைப் பார்த்து. மைக்கை நிறுத்தும் சுவிட்சு அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் தொடவில்லை. அப்பா என்னைப் பார்த்து, கெட்டிக்காரி என்பதுபோலத் தலையாட்டினார். பந்தலில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் பந்திக்கு எழுந்தார்கள்.

கடைசிப் பந்தி முடியும்வரை அக்கா சினிமாப் பாட்டுப் போட்டார், வயரைச் சுருட்டினார், போய்விட்டார். எனக்காகச் செய்ததைப் போடவில்லை. மறுநாள் பின்னறை காலியாக இருந்தது.

இடையஞ்சாவடியில் வாடகைக்கு வீடு எடுத்து, அங்கேயே இருந்து இசை செய்தார். வெளிநாடுகளுக்குப் போய்ப் போட்டார். அவர் செய்த ரெக்கார்டுகளை முன்பின் தெரியாதவர்கள் தேடி வாங்கினார்கள். எல்லாம் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரக்காணத்திலிருந்தோ வானூரிலிருந்தோ என்ன பெரிய தூரம்? ஆனாலும் ஒருநாளும் நான் போய்ப் பார்க்கவில்லை. முதலில் மாமியாருக்குப் பயந்தேன், பிறகு பிள்ளைகளின் கல்யாணத்தைச் சாக்கு சொன்னேன், பிறகு வெட்கமாகிவிட்டது. போன வருஷம் பாய் போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கிடத்தியிருந்தார்கள்.

அவர் தத்தெடுத்து வளர்த்த மூன்று மகள்கள், மூவரும் திருநங்கைகள், தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி ஊட்டியது, குளிப்பாட்டியது, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தது எல்லாம் அவர்கள்தான். அவர்களுக்கும், கடைசிவரை கைவிடாத பாய்க்கும், அன்று வேலையை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த இடையஞ்சாவடிக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் வருந்தும் குடும்பத்தார் பெயர்கள் வர வேண்டும். பெரியப்பா மக்கள் வேண்டாம் என்றார்கள். என் மகனே, "எம்பேரு போடாதம்மா, ஆபீஸ்ல யாராவது பாத்தா கேப்பாங்க" என்றான். என்னிடம் கற்றதைத்தான் சொல்கிறான், என்ன திட்டுவது?

அக்காவின் மூத்த மகளிடம் போய், தங்கை என்று என் பெயரையாவது போடலாமா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"கட்டுரை எழுதிக்கங்கம்மா, வேணான்னு சொல்லல. ஆனா கூடப் பொறந்தவங்க யாருமில்லன்னுதான் அம்மா எங்ககிட்ட சொல்லிட்டுப் போனாங்க. அவங்க சொன்னத நாங்க எப்படிங்க மாத்துறது?"

கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன.