வடிகட்டிய தண்ணீர்

அறுபதுகளின் நடுவில், மணமான புதிதில், நானும் என் மனைவியும் செஞ்சியில் குடியிருந்தது ஒரு பழைய ஆம்புலன்ஸ் வண்டியில். சுற்றுப்புறத்துக் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் பணிக்காகப் பல்கலைக்கழகம் அதை எனக்குக் கொடுத்திருந்தது. நோயாளிகளுக்கான பலகைகள் எங்கள் கட்டில்களாயின. மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று, பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்று. கோட்டைச் சுவருக்கு வெளியே, சற்றே சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். சரிவு தேவைப்பட்டது.

முதல்நாள் தொண்டூர்வரை ஓடித் திரும்பிய வண்டி, மறுநாள் காலை செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஒரு முனகலோடு நின்றுவிடும். சரிவில் உருட்டித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். இதைக் கேள்விப்பட்ட மேலதிகாரி, திங்கட்கிழமை தாமே வந்து பார்ப்பதாகவும், சரியில்லையென்றால் வண்டியைச் சென்னைக்கு இழுத்துச் செல்லப் போவதாகவும் சொல்லியனுப்பினார். வண்டி போனால் எனக்கு ஆண்கள் தங்கும் லாட்ஜ். அவளுக்குத் தொண்டூரில் பிறந்த வீடு. மணமான சில மாதங்களிலேயே திரும்பி வரும் பெண்ணை ஊர் என்ன கேட்கும் என்பது இருவருக்கும் தெரியும். அந்த வாரம் அவள் வண்டியின் ஜன்னல் திரைகளைத் துவைத்து மறுபடியும் மாட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு அருகே பேட்டரிக் கடை வைத்திருந்தவர் வந்து பார்த்தார். எதையும் உறுதியாகச் சொல்பவர். டைனமோவின் கார்பன் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். பிறகு பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று இறுக்கினார். ஆனால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் மீட்டரின் முள் சார்ஜ் பக்கமே சாய்ந்திருந்தது; பேட்டரிக்கு மின்சாரம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. வண்டியில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று நான் ஐயுற்றேன். ஆகவே சனிக்கிழமை மாலை பேட்டரியின் ஒயரையே கழற்றி வைத்தோம். ஞாயிறு காலை மாட்டியபோது அதே முனகல். குறை பேட்டரிக்கு உள்ளேதான் இருந்தது.

"உயிரே இல்ல சார் இதுல" என்றார் கடைக்காரர். பேட்டரியின் மூடிகளைத் திறந்தவர், உள்ளே தண்ணீர் குறையாமல் இருப்பதைக் கண்டு வியந்தார். காபி கொண்டுவந்த என் மனைவி, அவர் பையிலிருந்த பாட்டிலைப் பார்த்து என்னவென்று கேட்டாள். டிஸ்டில்டு வாட்டர், திண்டிவனத்திலிருந்து வருகிறது என்றார்.

"தண்ணிதான் நான் ஊத்திட்டு வர்றேனே அண்ணே. நல்லா காய்ச்சி, வடிகட்டி."

வண்டியோடு வந்த பல்கலைக்கழக டிரைவர், விடுப்பில் ஊருக்குப் போகும்போது, பேட்டரியில் அவ்வப்போது சுத்தமான தண்ணீர் ஊற்றும்படி அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சமணக் குடும்பத்தில் வளர்ந்தவளுக்குச் சுத்தமான தண்ணீர் என்றால் ஒன்றுதான்: சிற்றுயிர் எதுவும் வாய்க்குள் போய்விடாதபடி துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். பாறைமேல் எழுத்துகளோடு இருந்த எனக்கு இது தெரியாது. கிணற்று நீரின் உப்போ காய்ச்சினாலும் வடிகட்டினாலும் போவதில்லை. எங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்ததும் அந்த உப்புதான். ஏறிய சார்ஜை எல்லாம் அது உள்ளிருந்தபடியே தின்றுகொண்டிருந்தது.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பேட்டரிக்குள்ள இன்னாம்மா உயிர் இருக்குது, வடிகட்டறதுக்கு?"

அவள் முகம் மாறாமல் சொன்னாள்: "உயிரே இல்லன்னு இப்பதானே சொன்னீங்க. அப்ப முன்ன இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?"

அவர் காபியைக் குடித்து முடித்தார். பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனார். பழைய ஆசிடைக் கொட்டி, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, புது ஆசிட் ஊற்றி, மறுநாள் காலைவரை மெதுவாகச் சார்ஜ் ஏற்றினார். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றார். அவர் எதையும் உறுதியில்லாமல் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

திங்களன்று மேலதிகாரி தாமே டிரைவர் இருக்கையில் அமர்ந்து செல்ஃபை அழுத்தினார். ஒரு முனகல். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுறை அழுத்தியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு அணைத்தார். காபி கிடைக்குமா என்றார்.

மழைக்காலம் தொடங்கும்வரை அந்த வண்டியிலேயே வாழ்ந்தோம். குடிநீர்ப் பானைக்குப் பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் ஒன்றும் இருந்தது. வருகிறவர்களிடம் அவளே விளக்குவாள்: "அது நமக்குச் சுத்தம், இது வண்டிக்குச் சுத்தம்."

இப்போதைய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவள் கடைசிவரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் போன பிறகு, இந்த மாதம் நான் ஊற்றினேன். பாட்டிலில் பாதி மீதம் இருந்தது. ஊற்றுவதற்கு முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவள் அப்படித்தான் பார்ப்பாள்.